டேக் நான்கு

என் வேலை சின்னது.
கோப்பையில் தேநீர் எந்தக் கோடு வரை இருந்தது,
ஊதுவத்தி எத்தனை விரற்கடை எரிந்திருந்தது,
நொம்விலோவின் தோளில் துண்டு இடமா வலமா,
வெட்டி ஒட்டும்போது உலகம் துள்ளிவிடாதிருக்க
நோட்டில் குறித்து வைப்பவள்.

டர்பன், கிரே தெரு.
லிஃப்ட் செத்துப்போன நாலு மாடிக் கட்டடத்தில்
பதினெட்டு நாள் படப்பிடிப்பு.
கீழே டாக்ஸிகளின் ஹாரன், பக்கத்தில் மசூதியின் பாங்கு.
நாலு மணிக்கு ஹடீடாப் பறவைகள்
யாரோ கழுத்தை நெரித்தாற்போலக் கத்திக்கொண்டு போகும்;
ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்.

குபேந்திரன் படையாச்சிக்கு இது முதல் படம்.
எடுத்ததெல்லாம் கடன். மறைக்கவும் மாட்டார்.
"இந்த ஜன்னல் ஒரு போலந்துக்காரரிடம் வாங்கியது.
இந்த மௌனம் ஒரு வங்காளியுடையது,
கெடாமல் திருப்பித் தரணும்"
வட்டிக்கடைப் பேரேடு வாசிக்கிற குரல்.
நடிகர்கள் சிரிக்கக் கூடாது,
கதவுகள் ஒன்றுக்கு நேர் ஒன்றாகக்
கோலப் புள்ளி போல நிற்க வேண்டும்.
திரைச்சீலையின் சிவப்புக்கு மட்டும் மூன்று நாள்.
இந்தச் சிவப்பு இல்லை, அந்தச் சிவப்பு.
எந்தச் சிவப்பு?
இருபது வயதில் ஒரே ஒருமுறை பார்த்த,
பெயர்கூட மறந்த ஒரு படத்தின் சிவப்பு.
விக்டோரியா சந்தையில் துணித்துண்டைப் பிடித்துக்கொண்டு அலைந்தோம்.
'மாமியார்க் கொல்லி' என்று அட்டை குத்திய
மிளகாய்த்தூள் குவியலில்
கடைசியில் கிடைத்தது அது.

மொட்டைமாடிக் காட்சி:
நொம்விலோ கொடியிலிருந்து படுக்கைவிரிப்புகளை எடுக்க வேண்டும்.
நான்காம் டேக்கில் காற்று நின்றது.
விரிப்பு சட்டென்று சுவர் மாதிரி அசையாமல் தொங்க
அதன் மேல் என் நிழல்.
நோட்டும் முழங்கையுமாக.
எழுதினேன்:
'டேக் 4. விரிப்பில் நிழல். என்னுடையது. உதவாது.'
'உதவாது'வுக்கு இரண்டு அடிக்கோடு.

ஜூலைக் குளிரில் முதல் காட்சி.
அம்மா சாட்ஸ்வர்த்திலிருந்து வந்திருந்தாள்,
பையில் கடலையோடு.
எழுபதாவது நிமிடம், எல்லாம் கடன் வாங்கிய அழகு.
பிறகு விரிப்பு தொங்கியது,
பதினொரு விநாடி.
இருட்டில் அம்மா என்னை இடித்தாள்:
"அது நீதானே? அப்பவும் கூன் போட்டுத்தான் நிக்கிறே."

அடுத்த வாரம் ஒரு விமர்சகர் எழுதினார்,
விரிப்பின் மேல் விழும் அந்த நிழல்
லாட்வியாவில் பிறந்து இரண்டே படம் எடுத்து மறைந்த
ஒரு மௌனப்பட மேதைக்குச் செலுத்திய வணக்கமாம்.
இரவு பதினொன்றரைக்குக் குபேந்திரன் ஃபோன்.
"லோஷினி, அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது."
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
"ஆனா மறுத்துச் சொல்ல மனசு வரலை."

தேடிப் பிடித்தேன் அந்தப் படத்தை.
மழையில் நனைந்த மாதிரி கீறல் விழுந்த பிரதி.
ஒரு விதவை, ஒரு கடற்கரை, உலரப் போட்ட வலைகள்,
நடுவில் ஒரு வெள்ளைத் துணி.
துணியின் மேல் ஒரு நிழல்.
விதவையுடையது இல்லை, அவள் அந்தப் பக்கம் நிற்கிறாள்.
மரணம் என்கிறார்கள் படித்தவர்கள்.
வரலாறு என்றும் ஒருவர்.

நிறுத்தினேன். பின்னுக்கு ஓட்டினேன். நிறுத்தினேன்.
முழங்கை மடங்கியிருக்கிறது.
கையில் சதுரமாக ஏதோ.
லேசாகக் கூன்.

அந்த ஊர் மொழியில் 'உதவாது'வுக்கு என்ன சொல்வார்கள் தெரியவில்லை.
இரண்டு அடிக்கோடு நிச்சயம் போட்டிருப்பாள்.

திங்கட்கிழமை உம்லாங்காவில் சோப்பு விளம்பரம்.
விளக்கு எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டேன்.
உனக்கெதற்கு என்றார்கள்.
நிற்க இடம் பார்க்கத்தான் என்றேன்.